நாலாம் இடத்துப் பந்து

ஆறு வருசம் திருமூர்த்தியின் வலது தோளை
வலைக்கு இந்தப்புறம் நின்று படித்தவன் நான்.
தோள் ஒரு விரக்கடை இறங்கினால்
பந்து நாலாம் இடத்துக்கு.
அவன் மச்சான் கார்வேந்தன் அங்கே காத்திருப்பான்.
விளக்குக் கம்பத்துக்கும் மேலே போய்
எதையோ மறந்ததுபோல் ஒரு நொடி நின்று
மெல்ல இறங்கும்,
நோம்பிக்கு வரும் ஒறம்பரை மாதிரி.
அதற்குள் நான் பீடி பற்றவைத்து
அணைத்துவிட்டும் குதிக்கலாம்.
ஊர் விசிலடிக்கும். பந்து அவர்கள் பக்கமே விழும்.
பெருமாநல்லூரை நாங்கள்
அப்படித்தான் தோற்கடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ரஹமத்நிஷா வந்தாள்.
பனியன் கம்பெனியில் எந்த மெஷினுக்கு
எத்தனை பீஸ் என்று கணக்குப் போடுகிறவள்.
திருமூர்த்தியைவிட ஐந்து வயது சின்னவள்.
பெஞ்சுக்குப் பக்கத்தில் சிவப்பு நாற்காலி,
மடியில் கம்பெனி டைரி.
சர்வீசுக்கு முன்னால் முழங்காலில் விரல் வைப்பாள்.
இரண்டு. மூன்று.
எப்போதாவது மூடிய கை.

முதலில் அந்த உயரத்தைப் பிடுங்கினாளாம்.
"ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து
உன்ற பந்தைக் கொண்டுபோய்
கிலுவை வேலியில போடுது.
வலைக்கு மேல ஒரு முழம் உன்றது.
மீதி காத்தோட சொத்து."
அப்புறம் மச்சானை.
"அத்தனை பீஸையும் ஒரே மெஷின்லயா ஏத்துவாங்க?"
அப்புறம் தோளை.
சட்டைத் தோளில் ஒரு சைஸ் லேபிளைக் குத்திவிட்டு
அது சாய்ந்தால்
அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவன் கணக்கு.
பதினோரு நாள் டீ வாங்கினான்.
பன்னிரண்டாம் நாள் பந்தைச் சாலைக்கு உதைத்தான்.
"பந்து என்ற கையில இருக்குதா,
உன்ற டைரியிலயா?"
"இப்போதைக்கு டைரியில" என்றாளாம்.
இதெல்லாம் கார்வேந்தன்
ஒரு கெடாவெட்டுப் பந்தியில் சொன்னது.
எலும்பைக் கடித்தபடியே,
கொஞ்சம் வருத்தமாக.

அந்த ஆடி நோம்பியில் படிக்கப் போனேன்.
எழுத்தே இல்லை.
தோள் சுவர் மாதிரி நின்றது.
பந்து அவன் பிடரிக்குப் பின்னால் போனது,
என் காதோரம் போனது,
நான் குதித்து இறங்குவதற்குள்
வேறெங்கோ விழுந்து செம்மண் கிளப்பியது.
சொந்த மண்ணில் மூன்று செட்டும் போச்சு.

எங்கள் தலைவர் அத்தியப்பன் ரிக் வண்டிக்காரர்.
தண்ணி எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்
அங்கேயே குழி போடுகிறவர்.
மறுவருசம் சம்பளத்தை இரட்டிப்பாக்கி
ரஹமத்நிஷாவை எங்கள் பக்கம் கொண்டுவந்தார்.
நாற்காலியும் வந்தது.
எங்கள் செட்டருக்கு இரண்டு கிடைத்தது,
மூன்று கிடைத்தது.
மூடிய கை மட்டும் கிடைக்கவில்லை.
கேட்டேன்.
"உன்ற இஷ்டம்னு அர்த்தம்" என்றாள்.
"அவனுக்கே நாலஞ்சு தடவைதான் காட்டியிருப்பேன்."

இந்த வருசம் கடைசி ஆட்டம்.
ஐந்தாவது செட்,
நாங்கள் பதிமூன்று, அவர்கள் பதினான்கு.
ஓடிப்போய்க் குனிந்து கேட்டேன்:
"இப்ப எங்கீங்க போடுவான்?"
டைரியைத் திறக்கவேயில்லை.
"தெரியாது.
எனக்கே தெரியாத மாதிரித்தான் செஞ்சு வெச்சேன்."

விசில்.
பந்து அவன் கைக்கு வந்தது.
தோள் இறங்கியது.
ஒரு விரக்கடை.
நாலு, என்றது என்ற உடம்பு.
அது அவ பிடுங்கிப்போட்ட பந்தாச்சே, என்றது மண்டை.
இரண்டுக்கும் நடுவில் கால்கள்
மண்ணிலேயே இருந்தன.
காத்து அன்றைக்கென்று செத்துக் கிடந்தது.
கார்வேந்தன் அடித்த சத்தம்
தேர்நிலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"நாலுக்குப் போடாதேன்னு
எத்தனை தடவை சொல்லியிருக்கேன் இவனுக்கு!"
எங்கள் பெஞ்சிலிருந்து கத்தினாள்.
டைரி காலடியில் கிடந்தது.

அத்தியப்பன் இன்னும் விடவில்லை.
பொழுதோட போன் அடிக்கிறார்:
அந்தப் பந்துக்கு முன்னால
அவ கை முழங்கால்ல எப்படி இருந்துச்சு,
விரிஞ்சா, மூடியா,
நீ பாத்தியா?

நான் பந்தைப் பார்த்தேன், என்கிறேன்.
விளக்குக்கு மேலே,
பூச்சிகளுக்கும் மேலே போய்
அது நின்றதை.